பணப்பைக்குள் ஆறு பயணங்கள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வங்கிக் கிளைக்கு வரும் பெற்றோர் பலரின் பேச்சு பிள்ளைகளின் படிப்பைச் சுற்றியே அமைகிறது. பள்ளிக் கட்டணம், பயிற்சி மையக் கட்டணம், மேற்படிப்புக்கான தொடர் வைப்பு என்று கணக்குகள் நீள்கின்றன. படிவத்தை நிரப்பித் தரும் இடைவெளியில், "விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: "எங்கே மேடம் நேரம்? கோடை வகுப்பில் சேர்த்துவிட்டோம்."

அவர்களைக் குறை கூறும் தகுதி வங்கிப் பணியாளர்களாகிய எங்களுக்கு இல்லை. எல்.எஃப்.சி. என்று நாங்கள் வழங்கும் விடுமுறைப் பயணச் சலுகை எங்களுக்கு உண்டு. குடும்பத்தோடு நாட்டின் ஒரு பகுதியைக் கண்டு வருவதற்காக ஏற்பட்டது அது. பயணம் செய்யாமல் அதைத் தொகையாகப் பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு. எங்களுள் பலர் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுக்கிறோம். எங்கள் வீட்டிலும் அத்தொகை ஒருமுறை வீட்டுக் கடனுக்கும் மறுமுறை மகளின் பயிற்சிக் கட்டணத்துக்கும் போயிற்று. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சரியான பதிவுகளே. ஆயினும் அந்தக் கணக்கில் ஏறாத இழப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

போபாலில் கேட்ட கேள்வி

2018-ஆம் ஆண்டு பணி மாறுதலில் நாங்கள் போபாலுக்குச் சென்றோம். அப்போது 200 ரூபாய்த் தாள் புழக்கத்துக்கு வந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள் ஒருநாள் அந்த மஞ்சள் நிறத் தாளின் பின்பக்கத்தைக் காட்டி, "அம்மா, இந்த இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அது சாஞ்சித் தூபி. போபாலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். "பக்கத்தில்தான். அடுத்த மாதம் போகலாம்" என்றோம்.

அடுத்த மாதம் தணிக்கை வந்தது. அதன்பின் காலாண்டு முடிவு, பள்ளித் தேர்வு, உறவினர் வருகை என்று ஒவ்வொன்றாக வந்தன. அரையாண்டு வரை அவள் நினைவூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டன. அவை மீண்டும் திறக்கப்படுவதற்குள் எங்களுக்கு அடுத்த மாறுதல் ஆணை வந்துவிட்டது. சாஞ்சியின் படம் அச்சிட்ட தாள்களை இரண்டாண்டு காலம் அன்றாடம் கட்டுக் கட்டாக எண்ணியிருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே போகவில்லை.

இறுதியில் 2023-ஆம் ஆண்டு, ஒரு திருமணத்துக்காகப் போபாலுக்குச் சென்றபோது சாஞ்சியைக் கண்டோம். மகளுக்கு அப்போது வயது பதினாறு. மரியாதையாக உடன் வந்தாள். சில படங்கள் எடுத்தாள். நுழைவுத் தேர்வுக்கான குறிப்பேட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். கிழக்குத் தோரணவாயிலின் அருகே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையிடம் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். சிற்பத்தில் குதிரை போகிறது. அதன்மேல் குடை பிடித்திருக்கிறார்கள். ஆனால் குதிரையின்மேல் ஒருவரும் இல்லையே, ஏன் என்பது அவன் கேள்வி. தந்தைக்கு விடை தெரியவில்லை. வழிகாட்டியை அழைத்துக் கேட்டார். சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறும் காட்சி அது என்றும், அக்காலச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் காட்டாமல் மரம், பாதச்சுவடு, வெற்றிருக்கை போன்றவற்றால் உணர்த்தினர் என்றும் வழிகாட்டி விளக்கினார். சிறுவன் உடனே அடுத்த தூணுக்கு ஓடி, "இங்கேயும் அவர் இருக்கிறாரா?" என்று தேடத் தொடங்கினான்.

எங்கள் மகளும் அதைப் பார்த்துச் சிரித்தாள். பதினொரு வயதில் அவளும் அப்படித்தான் ஓடியிருப்பாள். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும் ஒரு நாளை நாங்கள் ஐந்தாண்டுகள் தள்ளிப்போட்டோம். இடம் அங்கேயே இருந்தது. கேள்வி கேட்ட குழந்தைதான் வளர்ந்துவிட்டாள்.

ஆறு தாள்கள், ஆறு ஊர்கள்

அந்தப் பயணத்துக்குப் பிறகே பணத்தாள்களின் பின்பக்கத்தை நாங்கள் கூர்ந்து பார்க்கத் தொடங்கினோம். இன்று புழக்கத்தில் உள்ள மகாத்மா காந்தி புதிய வரிசைத் தாள்களில் 10 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை ஆறு இடங்கள் அச்சிடப்பட்டுள்ளன. ஆறுமே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை.

10 ரூபாய்த் தாளில் இருப்பது ஒடிசாவின் கோணார்க் சூரியன் கோயில். 13-ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்க மன்னர் முதலாம் நரசிம்மதேவர் கட்டியது. கோயிலே 24 சக்கரங்களும் ஏழு குதிரைகளும் கொண்ட தேராக அமைந்துள்ளது. சக்கரத்தின் எட்டுப் பெரிய ஆரங்களைக் கொண்டு நிழலின் வழியே நேரம் கணிப்பதை வழிகாட்டிகள் செய்து காட்டுவர். கைக்கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது.

20 ரூபாய்த் தாளில் எல்லோரா. அங்குள்ள 34 குகைகளில் 12 பௌத்தம், 17 இந்து சமயம், 5 சமணம் சார்ந்தவை. 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்டது. கட்டடம் என்றால் அடித்தளத்திலிருந்து எழும்புவது என்று எண்ணியிருக்கும் குழந்தைக்கு இது பெரும் வியப்பாக அமையும். செவ்வாய்க்கிழமைகளில் எல்லோராவுக்கு விடுமுறை என்பதை மறவாதிருக்க வேண்டும்.

50 ரூபாய்த் தாளில் ஹம்பியின் கல் தேர். விட்டலர் கோயில் வளாகத்தில் நிற்கும் இது உண்மையில் கருடனுக்கான சன்னதி. தேரின் முன்னால் இன்று இரண்டு யானைகள் நிற்கின்றன. அவற்றின் பின்னே உற்று நோக்கினால் முன்பு அங்கிருந்த குதிரைகளின் வால்களும் பின்னங்கால்களும் தென்படும். பிள்ளைகளைத் தேடச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் நிழலில் அமரலாம்.

100 ரூபாய்த் தாளில் குஜராத் மாநிலம் பாட்டனில் உள்ள ராணி கி வாவ். 11-ஆம் நூற்றாண்டில் அரசி உதயமதி தம் கணவர் முதலாம் பீமதேவரின் நினைவாக அமைத்த படிக்கிணறு. சரஸ்வதி ஆற்றின் வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அதை நூற்றாண்டுக் கணக்கில் மூடியிருந்தது. அகழ்ந்தெடுத்தபோது, ஏழு அடுக்குச் சிற்பங்கள் பெரிதும் சேதமின்றி வெளிப்பட்டன.

200 ரூபாய்த் தாளின் சாஞ்சியைப் பற்றி முன்பே கூறினோம். 500 ரூபாய்த் தாளில் இருப்பது ஷாஜஹான் 1638 முதல் 1648 வரை கட்டிய தில்லிச் செங்கோட்டை. விடுதலை நாளன்று தொலைக்காட்சியில் பிள்ளைகள் காணும் கொடியேற்றம் நிகழும் இடம். திங்கட்கிழமைகளில் அங்கு விடுமுறை.

இந்திய அகழ்வாராய்ச்சித் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அச்சலுகை எந்த வயதில் முடிகிறது என்பதையும் பெற்றோர் கருதிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நம்மோடு விருப்பத்துடன் வரும் காலமும் ஏறத்தாழ அந்த வயதில்தான் முடிகிறது.

வகுப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு

"எங்கள் பிள்ளைக்கும் பொழுதுபோக்கு உண்டு, ஓவியமும் சதுரங்கமும் நீச்சலும் கற்கிறான்" என்று சொல்லும் பெற்றோர் இருக்கின்றனர். கற்பது நன்றே. ஆனால் கட்டணம், கால அட்டவணை, படிநிலைத் தேர்வு, சான்றிதழ் ஆகிய நான்கும் சேர்ந்துவிட்டால் அது இன்னொரு பள்ளியாகிவிடுகிறது. பொழுதுபோக்கு என்பது குழந்தை தானே விரும்பித் தேர்ந்தெடுத்து, தேர்ச்சி பெறாவிட்டாலும் தொடரக்கூடிய ஒன்று. இரண்டும் தேவை. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே பிழை.

இத்தகைய பயணங்களைக் குழந்தையின் எதிர்காலத்துக்கான முதலீடு என்று புகழ்வோரும் உளர். வணிகவியல் படித்து வங்கியில் பணியாற்றும் எங்களுக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. முதலீடு என்றால் ஆதாயம் எதிர்பார்ப்போம். ஆதாயம் வராதபோது குழந்தையைக் கடிந்துகொள்வோம். சாஞ்சிக்குச் சென்று வந்த பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்பதில்லை. அன்றைய நாள் இனிதாகக் கழிந்திருந்தால் அச்செலவு செல்லுபடியான செலவுதான்.

பணமும் நேரமும் இல்லாத குடும்பங்களுக்கு இவையெல்லாம் எட்டுமா என்ற கேள்வி நியாயமானது. ஆறு ஊர்களையும் காண எல்லோராலும் இயலாது. காண வேண்டிய கட்டாயமும் இல்லை. தொடக்கம் வீட்டிலேயே அமையலாம். பணத்தாளின் பின்பக்க மொழிப் பட்டையில் 15 மொழிகளில் தொகை எழுதப்பட்டுள்ளது. அதில் பதின்மூன்றாவது வரி தமிழ். மற்ற வரிகள் எந்தெந்த மொழிகள் என்று கண்டுபிடிப்பது ஒரு மாலைப்பொழுதுக்கான விளையாட்டு. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் தம் பள்ளித் தோழர்களின் எழுத்தையும் அப்பட்டையிலேயே காணலாம்.

தாத்தாவின் பெட்டியில் பழைய நாணயங்கள் இருக்கக்கூடும். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 புதிய பைசாக்களாகப் பகுக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. இதை விளக்கத் தாத்தாவையும் பாட்டியையும்விடச் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. நாணயத்தில் ஆர்வம் வேரூன்றிய பிள்ளையை, மும்பை செல்லும் வாய்ப்பு நேரும்போது ரிசர்வ் வங்கியின் நாணயவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். 2004-ஆம் ஆண்டு அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். வீட்டில் தொடங்கும் பொழுதுபோக்கும் வெளியே செல்லும் பயணமும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும்.

சில எளிய முறைகள்

எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைப் பரிந்துரைக்கிறோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்துக்கென ஒதுக்கி, நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். தவணை தேதியைத் தவறவிடாத நாம் இத்தேதியையும் தவறவிடாதிருக்க முடியும். இடம் தொலைவில் இருக்க வேண்டியதில்லை. ஊரின் அருங்காட்சியகம், பழைய கோயில், கோட்டை, நூலகம், குளக்கரை என எதுவும் ஆகலாம்.

நெடும்பயணத்துக்கென மாதம் 500 ரூபாயில் ஒரு தொடர் வைப்பைத் தொடங்கலாம். ஓராண்டில் சேரும் 6000 ரூபாயும் வட்டியும் அருகிலுள்ள மாநிலம் ஒன்றுக்கான ரயில் கட்டணத்துக்குப் பெரிதும் உதவும். பத்து வயது நிறைந்த பிள்ளையிடம் பயணக் கணக்கை எழுதும் பொறுப்பை ஒப்படைக்கலாம். தேநீர் எவ்வளவு, பேருந்து எவ்வளவு என்று எழுதிப் பழகும் பிள்ளைக்குச் சிக்கனத்தைப் பற்றித் தனியே பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட முயல வேண்டாம். எல்லோராவில் மூன்று குகைகளை நிதானமாகப் பார்ப்பது, முப்பத்துநான்கையும் ஓடிக் கடப்பதைவிட நன்று. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லவும் வேண்டாம். சொல்ல விரும்பினால் பிள்ளைகளே சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விடை தெரியவில்லையே என்று பெற்றோர் தயங்காதிருப்பது. சாஞ்சியில் நாங்கள் கண்ட அந்தத் தந்தைக்கும் விடை தெரியாது. அவர் மகனோடு சேர்ந்து கேட்டார். அச்சிறுவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கடந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள் 100 ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "அம்மா, பாட்டன் அகமதாபாத்திலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். ஏறத்தாழ 125 கிலோமீட்டர். இம்முறை அடுத்த மாதம் என்று சொல்லவில்லை. இந்த ஆண்டின் எல்.எஃப்.சி.யைத் தொகையாகப் பெறப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், பயணச்சீட்டும் பதிவாகிவிட்டது. இதை வாசிக்கும் வாடிக்கையாளர்களும் இன்று மாலை தம் பணப்பையைத் திறந்து, ஏதேனும் ஒரு தாளின் பின்பக்கத்தைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும் என்று விழைகிறோம். அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்குத் தேதியோடு விடை சொல்லுங்கள்.