அமைதிக் கல்வி பயின்ற பட்டதாரிகளுக்கு மாவட்டத்திலேயே பணி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பொறுப்பாளர்கள் மற்றும் உறுப்பினர்கள்,
பட்டதாரிகள் சங்கம்,
வல்லத்திராக்கோட்டை, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், புதுக்கோட்டை.

நகல்: அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை, சென்னை, செயலாளர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, புதுக்கோட்டை, முதன்மைக் கல்வி அலுவலர், புதுக்கோட்டை.

பொருள்: அமைதி மற்றும் மோதல் தீர்வுப் பாடங்களில் பட்டம் பெற்றோரை அரசுப் பணிகளுக்குத் தகுதியுடையோராக ஏற்பது, வட்ட அளவில் அவர்களுக்குப் பணியிடம் உருவாக்குவது – தொடர்பாக.



திருவிழா நெருங்கினால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. முதல் மரியாதை யாருக்கு, முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போவது, மயானத்துக்குப் பாதை எது, கண்மாய் மீன்பாசி ஏலப் பணம் யார் கையில் என்று விஷயம் எதுவானாலும் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்கும். இரு தரப்புப் பெரியவர்களும் எதிரெதிரே உட்காருவார்கள். வட்டாட்சியர், காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் இருப்பார்கள். ஒரு தாளில் நாலைந்து நிபந்தனைகள் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பெண்கள் அந்த அறையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அரிது. வெளியே பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் வந்தவர்கள் அதே வட்டாட்சியருக்காகக் காத்துக்கிடப்பார்கள். அடுத்த திருவிழாவுக்குள் அவர் மாறுதலில் போய்விடுவார். தாள் கோப்பில் இருக்கும், தகராறு ஊரில் இருக்கும்.

அதிகாரிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆண்டு முழுக்க ஊரில் நின்று செய்ய வேண்டிய வேலையை, நூறு வேலைகளுக்கு நடுவே ஒரு பிற்பகலில் முடிக்கச் சொன்னால் யாராலும் முடியாது.

2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதன் பிறகு நடந்த ஆய்வில்தான் அங்கே இரட்டைக் குவளையும் கோயில் நுழைவுத் தடையும் அதிகாரிகளின் கண்ணில் பட்டன. 2025 மே மாதம் வடகாட்டில் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டி மோதல் மூண்டது. இவற்றில் குற்றம் செய்தவர் யார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும்; அதற்குள் நாங்கள் போகவில்லை. தேநீர்க் கடையில் குவளை இரண்டாக இருப்பது நாளும் பொழுதும் எல்லோர் கண் முன்னாலும் நடப்பது. அதை முன்கூட்டியே கண்டு, எழுதி, மேலே அனுப்புவதையே வேலையாகக் கொண்ட ஒரு பணியாளர் வட்டத்தில் இல்லை என்பதுதான் எங்கள் கவலை.

அந்த வேலைக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் தனித் துறையாகவே உண்டு. தில்லி ஜாமியா மில்லியாவில் நெல்சன் மண்டேலா பெயரிலான மையம் மோதல் பகுப்பாய்வில் முதுகலைப் பட்டம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்விலும் பௌத்த, சமண, காந்திய, அமைதி ஆய்வுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி தரும் படிப்பு, சொந்த மாவட்டத்தில் ஓர் ஒப்பந்தப் பணிக்கு உதவவில்லை. குழந்தைகள் பாதுகாப்பு, பெண்களுக்கான சேவை மையம் போன்றவற்றுக்கு வரும் விளம்பரங்களில் சமூகப் பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்றே நாங்கள் பார்த்தவரை இருக்கிறது. விண்ணப்பித்த எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு "இணையான பட்டம் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பாடத்திட்டத்தை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே,

1. அமைதி மற்றும் மோதல் தீர்வுப் பட்டங்களைச் சமூகப் பணி, சமூகவியல் பட்டங்களுக்கு இணையாக ஏற்று அரசாணை வெளியிடும்படி உயர்கல்வித் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை மாவட்ட அளவில் வெளியிடும் ஒப்பந்தப் பணி விளம்பரங்களிலாவது, விதி இடம் தரும் வரை, இப்பட்டங்களையும் சேர்க்க வேண்டும். இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

2. வருவாய்க் கோட்டாட்சியரின் கீழ், வட்டத்துக்கு ஒருவர் வீதம் அமைதிப் பணியாளர் நியமிக்கப்பட வேண்டும். முதலில் ஆலங்குடி வட்டத்தில் தொடங்கலாம். பேச்சுவார்த்தைக்கு முன்பே தெருத் தெருவாகப் போய் இளைஞர்களையும் பெண்களையும் தனித்தனியே கேட்பது, ஒப்பந்தத்தில் எழுதியது நடக்கிறதா என்று மாதம்தோறும் பார்த்து அறிக்கை தருவது, மாறுதலில் வரும் புதிய அதிகாரிக்கு ஊரின் பழைய வரலாற்றைக் கைமாற்றுவது ஆகியவை அவருடைய வேலைகளாக இருக்கட்டும். ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தீண்டாமையும் வன்கொடுமையும் சமரசம் பேசி மூடுவதற்கு உரியவை அல்ல. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிய வேண்டிய இடத்தில் வழக்குத்தான் பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் "பேசி அனுப்பிவைக்க" இந்தப் பணியாளரைப் பயன்படுத்தக் கூடாது என்பது நியமன ஆணையிலேயே இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத பணியிடம் எங்களுக்கு வேண்டாம்.

3. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், ஒரு வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளை இரு தரப்பின் சம்மதத்தோடு சமுதாய சமரசத்துக்கு அனுப்ப இடம் தருகிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ, அது இல்லாத பகுதிகளில் மாவட்ட நடுவரிடமோ விண்ணப்பித்தால் மூவர் குழு அமைக்கலாம். முதலில் நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் சமுதாய சமரசம் பற்றியவை இல்லை. இந்தப் பிரிவுகளின் கீழ் அமையும் சமரசர் பட்டியலில் பயிற்சி பெற்ற பட்டதாரிகளுக்கு இடமும் அமர்வுக்கு மதிப்பூதியமும் வேண்டும். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய மாநிலம் இது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் ஊர் ஊராக இயங்குகின்றன. அங்கே மத்தியஸ்தர்கள் ஊதியமின்றி உழைக்கிறார்கள். அந்த அமைப்பைப் பின்பற்றலாம், ஊதியமின்மையைப் பின்பற்ற வேண்டாம்.

4. நாங்குநேரியில் பள்ளி மாணவர் சாதிப் பகையால் வெட்டப்பட்ட நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், 500க்கு மேல் மாணவர்கள் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் பதவியைப் பரிந்துரைத்தது. அப்பதவி உருவாகும்போது அமைதிக் கல்விப் பட்டமும் தகுதியாக ஏற்கப்பட வேண்டும். கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறத்தை வைத்துப் பையன்கள் அணி பிரிவது வகுப்பறையில்தான் முதலில் தெரிகிறது.

5. தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற இளைஞர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாததால் அரசுத் தேர்வு எழுத முடிவதில்லை. முகாம்களில் நடக்கும் ஆலோசனை, பயிற்சிப் பணிகளிலாவது மதிப்பூதியத்தில் அவர்களைச் சேர்க்க வேண்டும்.

முதல் கோரிக்கையின் மீதான பரிந்துரையை அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன் அனுப்பிவைத்தால், இப்படிப்பில் சேரலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு எங்களால் பதில் சொல்ல முடியும். எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் பொறுப்பாளர்கள் மற்றும் உறுப்பினர்கள்
இடம்: வல்லத்திராக்கோட்டை

இணைப்பு: உறுப்பினர்களின் பட்டச் சான்று நகல்கள், பாடத்திட்ட நகல்.