கேட்கப்படாத வினாவுக்கு விடை

ஓர் அரசாங்கம் மக்களிடம் ஆலோசனை கேட்கும்போது, அது எதைக் கேட்கின்றது என்பதைப் போலவே எதைக் கேளாது விடுகின்றது என்பதும் கவனித்தற்குரியது. பிரித்தானியாவில் 2025ஆம் ஆண்டில் வலுவிழந்தோருக்கும் அரசுக்குமிடையே நிகழ்ந்த வழக்கினை இந்த நோக்கிலேயே ஆராய விரும்புகிறேன்.

அவ்வாண்டு மார்ச் 18ஆந் திகதி, தொழிற் கட்சி அரசின் தொழில், ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் அம்மையார் ஆலோசனைப் பத்திரமொன்றைப் பாராளுமன்றத்தில் வெளியிட்டார். வலுவிழந்தோரும் நெடுநாள் நோயாளரும் பெறும் கொடுப்பனவுகளை மாற்றியமைத்து, அப்பதிற்றாண்டின் முடிவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 கோடி பவுண் மீதப்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. கொரோனாவுக்குப் பின் இக்கொடுப்பனவு கோருவோர் தொகை விரைந்து பெருகிவிட்டது. இளைஞர் பலர் வேலைக்குப் புறம்பாகவே நின்றுவிடுகின்றனர். இந்நிலை நீடித்தல் ஆகாது என்பது அரசின் வாதம். இக்கவலை பொய்யன்று. ஆயினும் அதற்குக் கண்ட பரிகாரம் எத்தகையது?

தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு என்பது 2013இல் தொடங்கியது. அது வேலையற்றோர்க்குரிய உதவிப் பணம் அன்று. தொழில் புரிவோரும் பெறலாம். உடற்குறையோ மனநோயோ உடைய ஒருவருக்கு வாழ்க்கை மற்றையோரினும் கூடிய செலவுடையது என்ற உண்மையை ஒப்புக்கொண்டு அளிக்கப்படுவது அது. உண்ணல், குளித்தல், உடுத்தல் முதலாய பத்து அன்றாடச் செயல்களில் ஒருவர் படும் இடர்ப்பாட்டுக்குப் புள்ளிகள் இடுவர். எல்லாவற்றிலுமாக 8 புள்ளி பெற்றால் அன்றாட வாழ்க்கைக்குரிய பங்கு கிடைக்கும். 2025இல் அதன் கீழ்ப்படித் தொகை வாரத்துக்கு 73 பவுண் 90 பென்ஸ். மொத்தம் 8 புள்ளி பெற்றாற் போதாது, ஏதேனும் ஒரு செயலிலாவது 4 புள்ளி பெற்றிருத்தல் வேண்டும், 2026 நவம்பர் முதல் இதுவே விதி என்றது புதிய ஏற்பாடு.

இந்த நான்கு என்னும் எண்ணிலேதான் வழக்கு முழுவதும் அடங்கியுள்ளது. தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடலைக் கழுவப் பிறர் துணை வேண்டுவோர்க்கு 4 புள்ளி. இடுப்புக்குக் கீழே கழுவத் துணை வேண்டுவோர்க்கு 2 புள்ளிதான். உடுத்தலிலும் அப்படியே, மேலுடைக்கு 4, கீழுடைக்கு 2. ஒரு மனிதரை எண்ணிப் பாருங்கள். அவர் கால்களைத் தாமே கழுவ மாட்டார். கீழுடையைத் தாமே அணிய மாட்டார். சாதாரண அடுப்பிற் சமைக்க இயலாது, மைக்ரோவேவ் அடுப்பிலே சமைப்பார். மலசலகூடத்திற் கைப்பிடி போன்ற சாதனமின்றி இயலாது. நான்கிலும் இரண்டிரண்டாக 8 புள்ளி. பழைய விதிப்படி அவர் உரிமையுடையவர். புதிய விதிப்படி அவருக்கு ஒன்றுமில்லை. அவரைப் பராமரிப்பவர் பெறும் கொடுப்பனவும் இதனையே பற்றி நிற்பதால், அதுவும் உடன் போய்விடும்.

அரசின் சொந்தக் கணிப்பின்படியே, அப்போது கொடுப்பனவு பெற்றுவந்தோருள் 370,000 பேர் அதனை இழப்பர். மாற்றங்கள் யாவற்றாலும் 250,000 பேர் வறுமைக்குட்படுவர், அவருள் 50,000 பேர் குழந்தைகள். ஆனால் ஜூன் 30ஆந் திகதிவரை மக்களின் கருத்து வேண்டிய அப்பத்திரம், இந்த நான்கு புள்ளி விதியைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பவில்லை. அது முடிந்த முடிபாகவே அறிவிக்கப்பட்டது.

கேட்கப்படாத வினாவுக்கு வலுவிழந்தோர் விடையளித்தனர். அவர்கள் இரக்கத்தை வேண்டவில்லை என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்புவது. தத்தம் தொகுதி அங்கத்தவருக்கு எழுதினர். பாராளுமன்றத்தின் முன் சக்கர நாற்காலிகளில் வந்து நின்றனர். மேலே யான் காட்டிய கணக்கைத் தம் அன்றாட வாழ்வினின்று எடுத்துக் காட்டினர். மன்றாட்டு அன்று அது, சான்று. ஆளுங்கட்சி அங்கத்தவர் 120 பேருக்கு மேல் மசோதாவை எதிர்க்கும் பிரேரணையிற் கையொப்பமிட்டனர். கட்சிக் கொறடாக்களுள் ஒருவரான விக்கி பொக்ஸ்கிறொவ்ற் பதவி துறந்தார். இப்போது பெறுவோர்க்கு இழப்பில்லை, புதியவர்க்கே இவ்விதி என்று அரசு சற்று இறங்கிவந்தது. அப்படியாயின் ஒரே குறையுடைய இருவருள், முந்தி விண்ணப்பித்தவருக்கு உண்டு, பிந்தி விண்ணப்பித்தவருக்கு இல்லையா என்று வினவினர்.

ஜூலை 1ஆந் திகதி இரண்டாம் வாசிப்பு விவாதத்தில், தாமே வலுவிழந்தவரான தொழிற் கட்சி அங்கத்தவர் மேரி டிட்பால் அம்மையார் மசோதாவை எதிர்த்துப் பேசினார். விவாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே, அந்த வாசகத்தை நீக்குவதாக அமைச்சர் ஸ்ரீபன் ரிம்ஸ் அறிவித்தார். வலுவிழந்தோரையும் சேர்த்து நடத்தும் மீளாய்வொன்று முடியும்வரை விதி மாறாது என்றார். மசோதா 335க்கு 260 வாக்குகளால் நிறைவேறியது. ஆனால் அதன் உயிர்நாடியான பகுதி போய்விட்டது.

இவ்வெற்றியை மிகைப்படுத்தல் தகாது. யூனிவர்சல் கிரெடிட் என்னும் மற்றொரு கொடுப்பனவில் நோயாளர்க்குரிய பங்கு, 2026 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்வோருட் பெரும்பாலோர்க்கு, வாரத்துக்கு 97 பவுணிலிருந்து 50 பவுணாகக் குறையும் என்ற ஏற்பாடு சட்டமாகியேவிட்டது. முந்தியவர், பிந்தியவர் என்ற வேற்றுமை அங்கு நிலைத்தது.

வரலாற்றை நோக்கினால், இக்கொடுப்பனவுகள் எவையும் அரசு தானே நினைந்து அளித்தவை அல்ல. 1965இல் மேகன் டு பொய்சன், பெரிற் மூர் என்னும் இரு பெண்மணிகள், மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுற்ற இல்லத்தரசிகள், சம்பளம் பெறாதவர் என்ற காரணத்தால் தமக்கு எவ்வித உதவியும் இல்லாமையை எடுத்துக்காட்டி இயக்கமொன்றைத் தொடங்கினர். பத்திரிகைக்கு எழுதிய கடிதமே அதன் வித்து. பராமரிப்புக் கொடுப்பனவு 1971இல் வந்தது. இன்று வெட்ட முயன்ற கிளை, அவர்போன்றோர் நட்ட மரத்தினது.

வலுவிழந்தோரைப் பற்றிய சட்டங்களை ஆக்குங்கால் அவர்களை நெருங்கிக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயம். பிரித்தானியா 2009இல் அதனை ஏற்றது; இலங்கை 2016இல் ஏற்றது. ஆகவே இது பிறநாட்டுச் செய்தி மட்டுமன்று. இங்கும் உதவிப் பணத்துக்குரியோர் யார், அல்லாதோர் யார் என்று படிவங்களும் புள்ளிகளும் தீர்மானிக்கும் போதெல்லாம், அப்புள்ளிகளை இட்டவர் எவர், எவரைக் கேட்டு இட்டனர் என்று வினவுதல் கற்றோர் கடன்.