வில் உடையட்டும்

சனிக்கிழமை காலை வெறுங்கையோடு வாருங்கள், ஞாயிறு மாலை நீங்களே செய்த மரவில்லோடு திரும்புங்கள். அமெரிக்காவில் வில் செய்யப் பழக்கும் வார இறுதி வகுப்புகளின் வழக்கமான அழைப்பு இது. சொன்னபடி வில் கிடைத்தும் விடுகிறது. அதைச் செய்தது யார் என்ற கேள்விதான் கொஞ்சம் சங்கடமானது.

இரண்டே நாளில் வில் கைக்கு வர வேண்டுமென்றால் கட்டை முன்பே காய்ந்து, இயந்திர ரம்பத்தில் வடிவம் வெட்டித் தயாராக இருந்தாக வேண்டும். மாணவர் ஒன்றரை நாள் சீவுகிறார், அரத்தால் தேய்க்கிறார். ஞாயிறு பிற்பகல் ஆகிவிடுகிறது. வகுப்பே வரிசையில் நிற்கிறது. ‘இங்கே கொடுங்கள்’ என்று ஆசிரியர் வாங்கி, வளைத்துப் பார்த்து, நாலு இடத்தில் சுரண்டித் திருப்பித் தருகிறார். வில் செய்தல் என்பது அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் நடந்ததுதான். அதுவரை நடந்தது தச்சு வேலை.

வில்லில் எய்பவரை நோக்கும் பக்கம் வயிறு, இலக்கை நோக்கும் பக்கம் முதுகு. நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். கைப்பிடியிலிருந்து நுனி வரை இரண்டு பாதிகளும் இந்தச் சுமையைச் சீராகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஓரிடம் மட்டும் மெலிந்துவிட்டால் வில் அங்கே கீல்போல மடங்கி, ஒருநாள் முறியும். சீவும் கணக்கோ விபரீதமானது. கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் அந்த இடத்தின் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது, ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. அகலத்தில் இந்தத் தொல்லை இல்லை; பத்தில் ஒரு பங்கு அகலம் குறைந்தால் விறைப்பும் அவ்வளவுதான் குறையும்.

எனவே முடியும் தறுவாயில் காகிதக் கனத்துக்குச் சுரண்டுவதும் பெரிய காரியம். சுரண்டிய உடனே அதன் பலன் தெரிந்துவிடாது. இருபது முப்பது முறை மெல்ல இழுத்துவிட்ட பிறகுதான் மரம் தன் புதிய வளைவைக் காட்டும். 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ இழுவைக்குத் திட்டமிட்ட வில்லை, வேலை முடியும்வரை ஒருமுறைகூட அதற்கு மேல் இழுக்கக் கூடாது. மீறினால் நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே கிடக்கும். போன விசை திரும்பாது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கண்ணும் விரலும் அதைப் பிடித்துக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். இடையில் ஒன்றிரண்டு கட்டைகள் முறிந்தும் ஆக வேண்டும்.

முறிவதற்குத் தோதான கட்டையை வாங்குவதுதான் வகுப்பு நடத்துபவரின் முதல் புத்திசாலித்தனம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அமெரிக்க வில் ஆர்வலர்களுக்கு ஓசேஜ் ஆரஞ்சு மரம் என்றால் உயிர். பலா, முசுக்கட்டை குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது; வைரம் பலாக்கட்டையைப் போலவே மஞ்சளாக இருந்து வெயில் பட்டுப் பழுப்பாகும். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து மரமான அதை முள்வேலியாக நட்டு நட்டு 19ஆம் நூற்றாண்டு விவசாயிகள் நடுமேற்கு முழுக்கப் பரப்பினார்கள். 1874இல் முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கியதோடு வேலிமரத்தின் மவுசு போயிற்று. மரங்கள் மட்டும் நின்றன. இன்றைய வில் தச்சர்களுக்கு அந்தப் பழைய வேலிகள்தான் புதையல். ஆனால் பச்சைக் கட்டையைப் பிளந்து, முனைகளில் பசையோ பெயின்டோ பூசி, ஓராண்டாவது உலர்த்த வேண்டும். பிறகு பட்டையையும் வெளிர்மரத்தையும் நீக்கி, முதுகு முழுவதும் ஒரே ஆண்டு வளையம் அறுபடாமல் ஓடும்படி செதுக்க வேண்டும். கணு வந்தால் அதைச் சுற்றி வளைந்துபோக வேண்டும். முதல் வகுப்புக்கு வந்தவர் கையில் இதைக் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல, மரத்துக்கும் நல்லதல்ல.

நல்லவேளையாக மாற்று உண்டு. 1992இல் முதல் தொகுதி வெளிவந்த ‘தி ட்ரெடிஷனல் போயர்ஸ் பைபிள்’ நூல்வரிசையில் டிம் பேக்கர், பால் காம்ஸ்டாக் முதலியோர் ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தார்கள். யூவும் ஓசேஜும்தான் வில்மரம் என்பதில்லை. ஓக், ஆஷ், எல்ம், ஹிக்கரி எதுவும் ஆகும், கொஞ்சம் அகலமாகவும் நீளமாகவும் செய்தால் போதும் என்றார்கள். டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுப் பழமையான எல்ம் வில்லும் அகலமானதுதான். இழை நேராக ஓடும் சிவப்பு ஓக் பலகையை மரக்கடையில் பொறுக்கி எடுத்தால், ஓசேஜ் கட்டை ஒன்றின் விலையில் ஆளுக்கு இரண்டு பலகை தரலாம். ஒன்று உடைப்பதற்கு என்று முதல் நாளே சொல்லியும் விடலாம்.

உடைவது ஆபத்தில்லையா என்றால், ஆபத்துதான். இழுத்துப் பிடித்த வில் முறிந்தால் துண்டு முகத்துக்கு வரும். ஆனால் அதற்கான ஏற்பாடு பழையது, மலிவானது. வில்லைச் சுவரில் மாட்டி, நாணைக் கயிறும் கப்பியும் கொண்டு எட்ட நின்று இழுப்பது. கண்ணாடி அணிந்தால் இன்னும் நல்லது. எட்ட நிற்பதில் வேறொரு லாபமும் உண்டு: வளைவு முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம், செல்பேசியில் படம் பிடித்துச் சென்ற வாரத்து வளைவோடு ஒப்பிடலாம்.

ஆர்வலர்கள் மறுப்பார்கள். வேலைக்குப் போகிறவருக்கு வார இறுதியை விட்டால் நேரம் ஏது, பணம் கட்டியவரை உடைந்த கட்டையோடு அனுப்பினால் அடுத்த வகுப்புக்கு யார் வருவார் என்பார்கள். முதல் கேள்விக்கு நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ வாரம் ஒரு மாலை என்பது போதுமான பதில். மரம் காய வைத்தல், அம்பு செய்தல் இரண்டையும் பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் நேரம் மிஞ்சும். இரண்டாவது கேள்வி நியாயமானது. வில்லை விற்பதாக விளம்பரம் செய்பவருக்குத்தான் அந்தச் சிக்கல். கற்றுத்தருவதாகச் சொல்பவருக்கு அவ்வளவாக இல்லை.

இக்கலையின் அமெரிக்க மறுமலர்ச்சியே கூடவே இருந்து கற்றதில் தொடங்கியது. யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் வெளியுலகுக்கு வந்தார். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவர் வாழ்ந்த காலத்தில், அவருக்கு வைத்தியம் பார்த்த அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், அவர் ஜூனிபர் மரத்தில் வில் செய்வதைக் கூடவே இருந்து பார்த்தார். அவரோடு சேர்ந்து எய்தார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். போப் 1923இல் எழுதிய நூல் பல தலைமுறைக்கு வில் ஆசையை ஊட்டியது. கற்றுத்தந்தவரின் இனத்தையே குடியேறிகள் கொன்று தீர்த்திருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லும் வகுப்புகள் சிலவாவது இருக்க வேண்டும்.

ஓக்லஹோமாவின் செரோக்கி பழங்குடியினரிடம் நிலைமை வேறு. 1838–39இல் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு அங்கே வந்த அவர்கள், சோளத்தட்டைக் கட்டுகளை இலக்காக வைத்து எய்யும் போட்டியை இன்றும் நடத்துகிறார்கள். எத்தனை தட்டைகளை அம்பு துளைத்தது என்பதே மதிப்பெண். 1988இல் தொடங்கிய ‘செரோக்கி தேசியப் பொக்கிஷம்’ என்ற பட்டம் வில் செய்பவர்களுக்கும் கிடைக்கிறது. திறமை மட்டும் போதாது, அடுத்தவருக்குக் கற்றுத்தருவதும் அதில் கணக்கு.

வார இறுதி வகுப்புக்காரர்களும் அப்படியொரு கணக்கு வைக்கலாம். வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு மாலை எல்லாரையும் கூப்பிடட்டும். உதவியின்றி இரண்டாவது வில்லைச் செய்து எடுத்துவருபவருக்கு ஒரு நாண் திரித்துக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் பாலியெஸ்டர் நூல் பெரிய செலவில்லை. அன்று எத்தனை வில் வந்தது என்பதை அடுத்த வகுப்பின் அறிவிப்பில் போட வேண்டும், எண்ணிக்கை ஒன்றே ஆனாலும்.