பச்சௌலி நாற்று வாங்கும் முன் ஒரு நிமிடம்



"சார், பச்சௌலி போட்டால் ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமாமே?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பயிரில் பொய்யில்லை. சென்ட், சோப்பு, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெய் போகிறது. விற்கிறவர்கள் பேச்சில்தான் பொய்.

நாற்று விற்பவருக்கு நாற்றிலேயே லாபம் வந்துவிடும். உங்கள் லாபம் எண்ணெயில். இலையை நிழலில் உலர்த்தி, நீராவியில் வடிக்க வேண்டும். காய்ந்த இலை 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். வடிக்கும் ஆலை பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் சருகு. உலகத்துக்குப் பெரும்பங்கு எண்ணெய் தருவது இந்தோனேசியா. அங்கே விளைச்சல் கூடினால் இங்கே விலை சரியும். வேர்முடிச்சு நூற்புழு வந்தால் செடியே போச்சு.

என் தம்பி, "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தத் தாளை நம்பி இறங்கினான். அறுவடை நேரத்தில் அவர்கள் போனை எடுக்கவேயில்லை. ஈமு கோழியில் பட்டது போதாதா நமக்கு?

ஆசை இருந்தால் தென்னந்தோப்பு நிழலில் பத்து சென்ட் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் சீமாப் ஆய்வு மையம் பெங்களூரில் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். எண்ணெயை யார் வாங்குவார், எங்கே வடிப்பது என்று தெரியாமல் அம்மா நகையை அடகு வைக்காதீர்கள்.

வாத்தியார் இன்னும் திட்டுகிறார் என்று நினைத்தாலும் பரவாயில்லை.