78 நாள் போனஸா? ஒரு மாசச் சம்பளம் கூட இல்லையே!

தோழர்களே,

ராத்திரி 2 மணி. தொப்பூர் கணவாயில் மழை. சிக்னல் வேலை செய்யலைன்னு போன் வருது. டார்ச்சையும் மீட்டரையும் எடுத்துக்கிட்டு இருட்டுல ஓடுறவர் யாரு? ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவுத் தொழிலாளி. நம்ம அதியமான்கோட்டை, தருமபுரி மக்கள் பெங்களூரு வண்டியில நிம்மதியா தூங்கிக்கிட்டுப் போறோம்னா, எங்கேயோ அவர் முழிச்சிருக்கார்னு அர்த்தம்.

அவருக்கும் சேர்த்துத்தான் 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை "78 நாள் உற்பத்தித்திறன் போனஸ்" அறிவிச்சது. டிவியில ஒரே கொண்டாட்டம். கையில கிடைச்சது? அதிகபட்சம் 17,951 ரூபாய்!

கணக்கைப் பாருங்க. கடைநிலைத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமே 18,000. புதுசா சேர்ற சிக்னல் டெக்னீஷியனுக்கு 19,900. அப்போ இந்த "78 நாள்" அவருக்கு வெறும் 27 நாள் சம்பளம்!

எப்படி இந்த மாயம்? எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் மாசம் 7,000 ரூபாய்னுதான் போனஸ் கணக்கு. அதாவது ஒரு நாளுக்கு 230 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே 2025-26இல் 336 ரூபாய் கூலி!

2014-15 கணக்கில் இந்த உச்சவரம்பு வந்தப்போ ரயில்வேயில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 7,000. அப்போ 78 நாள்னா கடைநிலை ஊழியருக்கு 78 நாள்தான். 2016இல் அது 18,000 ஆச்சு. போனஸ் கணக்கு மட்டும் 7,000லயே நிக்குது. 18,000த்தை வச்சு போட்டா 46,159 ரூபாய் வரணும். மீதி 28,000 எங்கே?

"சட்டம் அப்படி"ன்னு சிலர் சொல்றாங்க. 2015 போனஸ் சட்டத் திருத்தம் சொன்னது 7,000 அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இதுல எது அதிகமோ அது. ரயில்வே எடுத்துக்கிட்டது பாதி வரியை மட்டும்!

உற்பத்தி குறைஞ்சுதா? 2023-24இல் 158.8 கோடி டன் சரக்கு. 2024-25இல் 161.49 கோடி டன். போனஸ் பெற்ற ஊழியர்களோ 11,72,240லிருந்து 10,91,146 ஆகக் குறைஞ்சுட்டாங்க. ஒரே வருஷத்துல 81,094 பேர் குறைவு! ஆள் குறையுது, வேலை கூடுது, போனஸ் மட்டும் அதே 17,951. அப்புறம் எதுக்கு அதுக்கு "உற்பத்தித்திறன்"னு பேரு?

2023 ஜூன் 2, பாலசோர். சிக்னல் வேலையில் நடந்த தவறு 290க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடிச்சது. ஒரு ஒயர் மாறினா என்ன ஆகும்னு நாடே பார்த்துச்சு. அந்த ஒயரைத் தொடுற கைக்கு நாம போடுற விலை ஒரு நாளுக்கு 230 ரூபாயா?

போனஸ் யாரும் தானமா கொடுத்ததில்லை. 1974 மே மாசம் ரயில்வே வேலைநிறுத்தத்தில் முன்வைத்த கோரிக்கை அது. ஆயிரக்கணக்கானோர் சிறை போனாங்க. 1979இல்தான் கிடைச்சது. போராடி வாங்கினதை உச்சவரம்பு போட்டுத் திருட விடமாட்டோம்!

நம் கோரிக்கைகள்:
✊ 7,000 உச்சவரம்பை நீக்கு! உண்மையான அடிப்படைச் சம்பளத்தில் போனஸ் கொடு!
✊ கேபிள் பதிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் போனஸை உறுதி செய்!
✊ சிக்னல் பிரிவு காலியிடங்களை நிரப்பு!

உங்க வீட்டுல, தெருவுல ரயில்வே ஊழியர் இருந்தா இந்தக் கணக்கை அவர்கிட்ட காட்டுங்க. பகிருங்கள் தோழர்களே!

#78நாள்எங்கே #உச்சவரம்பைநீக்கு