பட்டியல் முதலில், விலை பிறகு



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம் கேளம்பாக்கம் பகுதியில் இப்போது ஆங்காங்கே உண்டு. ஹோம்ஸ்கூலிங் எனப்படும் இந்த வீட்டுவழிக் கல்வியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்திற்காகத் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு பிள்ளையின் கற்கும் வேகம் வகுப்பறைக்குப் பொருந்தவில்லை. இன்னொரு குடும்பம் பணி நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது. வேறொரு வீட்டில் பள்ளிக் கட்டணம் தாங்க முடியாததாகிவிட்டது. காரணம் எதுவாயினும் விளைவு பெரும்பாலும் ஒன்றே. பெற்றோரில் ஒருவர் வேலையை விடுகிறார். வீடு ஒரே சம்பளத்தில் நடக்கிறது. அந்த வீட்டில் சிக்கனம் என்பது விருப்பமன்று, கட்டாயம்.

ஆகவே பகலெல்லாம் பாடமும் சமையலும் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின், அந்தத் தாயோ தகப்பனோ கைபேசியை எடுத்து மலிவு விலையைத் தேடுகிறார்கள். வண்ணப் பென்சில் எங்கே குறைவு, பயிற்சிப் புத்தகம் எந்தச் செயலியில் தள்ளுபடி, எந்த அட்டைக்குப் பணம் திரும்ப வரும் என்று தேடல் நீளுகிறது. இந்தத் தேடல் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின்னும், மீந்த துணிக்கைகள் வீணாகாதபடி அவற்றைச் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். சிக்கனம் கஞ்சத்தனமன்று, அது நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டதற்கு நாம் காட்டும் மரியாதை. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். விலையைப் பார்த்து வாங்கத் தொடங்குகிறவர் சேமிப்பதில்லை. தேவையை எழுதிவைத்து வாங்கத் தொடங்குகிறவரே சேமிக்கிறார்.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். பிள்ளைக்கு வேண்டியது 180 ரூபாய் மதிப்புள்ள வண்ணப் பெட்டி. அனுப்பும் கட்டணம் 40 ரூபாய். 500 ரூபாய்க்கு வாங்கினால் அந்தக் கட்டணம் இல்லை என்று திரையில் ஒரு வரி தோன்றுகிறது. நாம் 320 ரூபாய்க்கு வேறு பொருள்களைச் சேர்க்கிறோம். 220 ரூபாயில் முடியவேண்டிய காரியம் 500 ரூபாயில் முடிகிறது. 40 ரூபாயை மிச்சப்படுத்தினோம் என்ற மகிழ்ச்சியோடு 280 ரூபாயை இழந்திருக்கிறோம். அந்த மூன்று கூடுதல் பொருள்களும் அடுத்த மாதம் மேசையின் அடியில் கிடக்கும்.

தள்ளுபடி விழுக்காடும் இப்படித்தான். ‘70 விழுக்காடு தள்ளுபடி’ என்பது பெரும்பாலும் பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது என்பதே சட்டம். கடைத்தெருவில் அப்பொருள் வழக்கமாக அந்த விலைக்குத்தான் விற்கிறது என்பதற்கு அது சாட்சியன்று. அந்த எண்ணை அச்சிடுபவர் பொருளைத் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோதான். ஆகவே எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கேளாமல், ஒரு நோட்டுக்கு, ஒரு பென்சிலுக்கு, நூறு கிராமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நீதிமொழிகள் இருபதாம் அதிகாரத்தில், வாங்கும்போது பொருளை மட்டம் என்று இகழ்ந்துவிட்டு, வாங்கிய பின் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு போகிற ஒருவனைக் காண்கிறோம். அன்று வாங்குபவன் விற்பவனிடம் தந்திரம் காட்டினான். இன்றோ, நாம் சாமர்த்தியசாலிகள் என்று நம்மையே நம்பவைப்பதுதான் விற்பவரின் தந்திரமாக இருக்கிறது.

இது என் கற்பனையன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய விற்பனையில் வாங்குவோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தன. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேளாத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்துவிடுவது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்தும் சொற்களை எழுதுவது, எளிதாகச் சேரவும் கடினமாக விலகவும் செய்யும் சந்தா, கடைசிக் கட்டத்தில் மட்டுமே தெரியும் கூடுதல் கட்டணம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் ஒன்றில் சிக்கினால் மௌனமாக இருக்கவேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து முறையிடலாம். நியாயம் கேட்பதும் உக்கிராணத்துவத்தின் ஒரு பகுதியே.

வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு இவற்றிலும் பெரிய கண்ணி ஒன்று உண்டு. அது பென்சிலில் இல்லை, பயத்தில் இருக்கிறது. ‘பள்ளிக்கு அனுப்பவில்லையே, என் பிள்ளை பின்தங்கிவிடுமோ’ என்ற பயம் அவர்கள் உள்ளத்தில் எப்போதும் உண்டு. அதை அறிந்தவர்கள்தான் இலவச மாதிரி வகுப்பு என்று அழைத்து, ஓராண்டுப் பாடத்திட்டத்தைத் தவணையில் விற்கிறார்கள். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் இணையவழிக் கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பெற்றோருக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. இலவசம் என்ற அழைப்பைக் கவனமாக ஆராயுங்கள், சந்தாவுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் வசதியைத் தவிருங்கள், அறியாமல் கடனில் கையொப்பமிடாதீர்கள் என்பவை அதன் சாரம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லையும் நிதானமாகப் படிக்கவேண்டும். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வழக்கமாக நடப்பது இதுதான்: வட்டிக்கு ஈடான தொகை விலையில் கழிக்கப்படுகிறது, வங்கி தன் வட்டியைத் தவணையில் வாங்கிக்கொள்கிறது, அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நம் தலையில் விழுகிறது. வட்டி 1,000 ரூபாயானால் வரி 180 ரூபாய். பல வங்கிகள் தனியே ஒரு நடைமுறைக் கட்டணமும் வசூலிக்கின்றன. முழுத் தொகையைக் கொடுத்து வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியையும் சில வேளைகளில் இழக்கிறோம். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை ஏற்கெனவே செய்திருப்பீர்களானால், பணம் எடுக்கப்படுவதற்கு குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும் என்பது விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படியாமல் அழிக்காதீர்கள். வேண்டாத சந்தாவை நிறுத்த அதுவே தருணம்.

இவையெல்லாம் எச்சரிக்கைகள். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. வீட்டுவழிக் கல்விக்கு இன்றியமையாதவற்றில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. நம் மாநிலப் பாடநூல்களையும் என்.சி.ஈ.ஆர்.டி. பாடநூல்களையும் இணையத்தில் பணம் கொடாமல் பதிவிறக்கலாம். திக்‌ஷா தளத்திலும், 2019-ல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நம் இலக்கியச் செல்வம் திறந்துகிடக்கிறது. 1989 முதல் இயங்கிவரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பாடப் பொருள்களும் இணையத்தில் இலவசம்.

நாம் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. 1948-ல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. இன்று அது சொத்து வரியில் 10 விழுக்காடு. வீட்டு உரிமையாளர் அதை நேரடியாகச் செலுத்துகிறார். வாடகைக்கு இருப்பவரின் வாடகைக்குள்ளும் அதன் பங்கு ஒளிந்திருக்கிறது. ஆகவே அரசுப் பொது நூலகத்துப் புத்தகம் தர்மமன்று. நாம் முன்பணம் கட்டிய பொருள். சனிக்கிழமை காலையில் பிள்ளையை அருகிலுள்ள நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மாதத்தில் ஒருநாள் கோட்டூர்புரம் வரை சென்றால், 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. எந்தச் செயலியும் தராத சலுகை இது.

சொந்தமாக வாங்கியே தீரவேண்டிய புத்தகங்களுக்கும் காலம் உண்டு. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். அதற்கென்று ஆண்டு முழுவதும் ஓர் உண்டியலில் சேர்த்துவையுங்கள். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிள்ளை வாங்கும் புத்தகம் பெரும்பாலும் படிக்கப்படும். நள்ளிரவில் தள்ளுபடிக்காக நாம் வாங்கும் புத்தகம் பெரும்பாலும் அடுக்கப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் பயிற்சி நோட்டு, பென்சில், அழிப்பான், வண்ணக்கட்டி, நிலப்படம் ஆகியவற்றின் மீதான ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருப்பதையும் மறவாதீர்கள். பழைய விலையோடு ஒப்பிட்டுக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் வீட்டில் கற்பிக்கும் பெற்றோரிடம் பணத்தைவிடவும் குறைவாக இருப்பது நேரம். 60 ரூபாயை மிச்சப்படுத்த இரண்டு மணி நேரம் தேடியவர், மறுநாள் காலை கண் எரிச்சலோடும் பொறுமையின்றியும் பிள்ளையின் முன் உட்காருகிறார். அந்த 60 ரூபாயை உண்மையில் செலுத்தியது யார்? கழித்தல் கணக்கை மூன்றாம் முறையாகக் கேட்டதற்காகக் கடிந்துகொள்ளப்பட்ட அந்தப் பிள்ளைதான். பிள்ளைக்கு நம் கவனத்தைத் தரவேண்டும் என்பதற்காகவே ஒரு சம்பளத்தை விட்டோம். அந்தக் கவனத்தையே சில்லறைக் காசுக்கு விற்றுவிட்டால், விட்ட சம்பளமும் வீணாகும். இதைத்தான் நான் பெரிய நஷ்டம் என்பேன்.

ஆகையால் உங்கள் வீடுகளுக்கு நான்கு எளிய ஒழுங்குகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, மாதத்திற்கு ஒரே பட்டியல். செயலியைத் திறப்பதற்கு முன் அதைத் தாளில் எழுதுங்கள். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் பேசியது நமக்கு நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, 500 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கடந்த பின்னரே வாங்குங்கள். அதற்குள் பல தேவைகள் தாமாகவே மறைந்துவிடும். தள்ளுபடியும் மறைந்துவிடுமே என்று அஞ்சவேண்டாம். அடுத்த பண்டிகைக்கு அது மீண்டும் வரும்.

மூன்றாவது, விலை ஒப்பிடுவதற்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தை மட்டும், பகலில், பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு ஒதுக்குங்கள். ஒரு நோட்டின் விலையை அவனே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். விழுக்காடு, வரி, வட்டி ஆகிய மூன்றையும் இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடநூல் இல்லை. வேண்டாம் என்று கூடையிலிருந்து ஒரு பொருளை நீங்கள் எடுத்துவிடுவதை அவன் காணட்டும். அந்தப் பாடம் கணிதத்தைவிடவும் நீடித்திருக்கும்.

நான்காவது, மிச்சத்திற்கு ஒரு பெயர் வையுங்கள். தேர்வுக் கட்டணம், மருத்துவச் செலவு, வேலையிழந்த அண்டை வீட்டாருக்கு ஒரு மாத அரிசி என்று எழுதிவைத்த நோக்கத்திற்கு அந்தத் தொகையை அன்றே தனியே எடுத்துவையுங்கள். பெயரில்லாத மிச்சம் அடுத்த சலுகையில் கரைந்துவிடும்.

சபையாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரே வகுப்புப் புத்தகத்தையும் ஒரே உலக உருண்டையையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்குவானேன்? ஒரு வீட்டில் பயன்முடிந்த புத்தகம் மறுவீட்டில் புதிய புத்தகம். ஆலயத்தின் பின்னறையில் ஓர் அலமாரியை ஒதுக்கித் தருகிறேன். படித்து முடித்த பாடநூல்களையும், வடிவியல் பெட்டிகளையும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒதுங்கிய கதைப் புத்தகங்களையும் அதில் வையுங்கள். வேண்டியவர்கள் எடுத்துச் செல்லட்டும். வீட்டில் கற்பிப்போர் மட்டுமல்ல, பள்ளிக்கு அனுப்புவோரும் பங்குகொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் நடுவே இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பீர்களானால், ஒரு குடும்பம் ஓராண்டுச் சந்தாவிலிருந்தும் அதன் தவணையிலிருந்தும் தப்பும்.

இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின், அன்பான தாயே, தகப்பனே, கைபேசியை வைத்துவிட்டு நீங்களும் உறங்கச் செல்லுங்கள். இளைப்பாறிய ஆசிரியரே உங்கள் பிள்ளைக்கு முதல் தேவை. நாளைய பட்டியலில் அதை முதலாவதாக எழுதுங்கள். கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தையும், உங்கள் சிறிய வகுப்பறையையும் ஆசீர்வதிப்பாராக.