ஜெனீவாவுக்கு முன்னால் செஷன்ஸ் கோர்ட்

மனித உரிமைச் சட்டம் படிக்க வேண்டும், நிலைமாறுகால நீதித் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்று வரும் தோழர்களுக்கு எல்லோரும் காட்டுகிற வழி ஒன்றுதான்: வெளிநாட்டில் எல்.எல்.எம்., சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப், பிறகு ஜெனீவா, தி ஹேக். ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஜெனீவாவில் வாடகை கொடுக்க நம் பிள்ளைகளில் யாரால் முடியும்? அந்த ஏணியின் முதல் படியே அப்பன் காசு. அதற்குப் பெயர் தகுதியாம்!

போரோ கொடுங்கோல் ஆட்சியோ முடிந்த நாட்டில் உண்மை, தண்டனை, இழப்பீடு, இனி நடக்காது என்ற உத்தரவாதம் ஆகியவற்றைக் கேட்பதே நிலைமாறுகால நீதி. தென்னாப்பிரிக்காவைப் பாடமாக நடத்துகிறார்கள், நடத்தட்டும். வெண்மணியை யார் நடத்துகிறார்கள்? 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பணக்கார மிராசுதார்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆந்திராவின் சுண்டூரில் 1991இல் 8 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். மக்கள் போராடி அந்த ஊரிலேயே சிறப்பு நீதிமன்றம் வாங்கினார்கள். 2007இல் தண்டனை கிடைத்தது, 2014இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிய வழக்கில், ஆயுள் கைதிகள் 13 பேர் 2019இல் முன்கூட்டியே வெளியே வந்தார்கள்.

சாதி இன்னும் முடியவில்லையே, இதில் நிலைமாற்றம் எங்கே என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அது முடியும்வரை பாதிக்கப்பட்டவர்கள் காத்திருக்க வேண்டுமா என்பது நாம் கேட்கும் கேள்வி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவைப் படியுங்கள். ஜாமீன், பரோல், விடுதலை, தண்டனை எதுவானாலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தாங்கள் விரும்பும் மூத்த வழக்கறிஞரை அரசுத் தரப்பில் நியமிக்கச் சொல்லி ஆட்சியரிடம் கேட்க விதி 4(5) இருக்கிறது. குடும்பங்களோடு கோர்ட் வராண்டாவில் நிற்கும் எங்களுக்குத் தெரியும், இவற்றை எழுதிக் கொடுக்கப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அந்த ஆளாக இருப்பதும் மனித உரிமைச் சட்ட வேலைதான். ஹேக்குக்கும் போங்கள், ஆனால் இதைச் செய்துவிட்டுப் போங்கள்.

இங்கேயும் பசியோடு வேலை செய்யச் சொல்லவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் 125 ரூபாய்தான் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. உங்கள் சீனியர் எவ்வளவு தருகிறார்? முதலில் அதைக் கேளுங்கள்.